சேவ் பண்ணேன் சார்



இந்தப் பதிவு நீளமானது. மேலே நாலு வரி படித்துவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்று அவர்களும் முழுசாகப் படிக்க வேண்டும். நான் செய்த ஒரு தப்பை இதில் ஒப்புக்கொள்கிறேன். அது என்ன தப்பு என்று விளங்க வேண்டுமானால், கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் எப்படி எழுதுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சமூக அறிவியல் வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்டாயிற்று. நீங்களும் கேட்க வேண்டாம்.

2013 ஜனவரி. கரண்ட் கட் காலம். சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அந்தச் சமயம். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பம்பு செட்டுக்கு எப்போது கரண்ட் வரும் என்று ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் உட்கார்ந்திருந்த அப்பாக்களின் பிள்ளைகள்தான் நீங்கள்.

அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் கணினி ஆய்வகமும் என் பொறுப்பு. நான் படித்தது வரலாறு. தட்டச்சில் ஹையர் பாஸ் செய்திருந்தேன் என்ற ஒரே தகுதியில் சாவியை என் கையில் கொடுத்தார்கள். பத்து மெஷின், ஓடியவை ஆறு. 2009 வாக்கில் யாரோ வந்து லினக்ஸ் போட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அதை யாரும் தொடவில்லை. யூபிஎஸ் பேட்டரி உப்பிப்போய் மூலையில் கிடந்தது. என்னைவிட அந்த ஆய்வகத்தை நன்றாகக் கவனித்துக்கொண்டவன் பிளஸ் ஒன் படித்த ஒரு பையன். காலையில் சீக்கிரம் வந்து மெஷின்களைத் துடைத்து வைப்பான். எனக்கிருந்த நம்பிக்கையில் சாவியை அவனிடமே விட்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். நாலு பிரிவு, 172 பிள்ளைகள், தலைக்கு ஐந்து பாடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 860 எண்கள். சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். நான் பதிவேட்டைப் பார்த்து வாசிக்க, அவன் அடித்தான். நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்குப் போனேன். அவன் கூட்டாளிகள் நாலு பேரை வைத்து வாசிக்கச் சொல்லி மீதியையும் முடித்துக்கொண்டிருந்தான். நாலு மணிக்குக் கரண்ட் போனது. ஆறு மணிக்கு வந்தது. மெஷினைப் போட்டோம். ஃபைல் பெயர் இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அளவு என்ற இடத்தில் பூஜ்யம்.

"சேவ் பண்ணியாடா?"

"பண்ணேன் சார்."

"எத்தனை தடவை?"

"ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் பண்ணேன் சார். கடைசியா கரண்ட் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிகூடப் பண்ணேன் சார்."

இங்கேதான் என் வாத்தியார் புத்தி வேலை செய்தது. பக்கத்துக்குப் பக்கம் சேவ் செய்திருந்தால் கடைசிப் பக்கம்தானே போயிருக்க வேண்டும்? முதல் ஒன்பது தடவை செய்தது எங்கே போயிற்று? காலையில் நான் கண்ணால் பார்த்த முதல் பிரிவு மதிப்பெண்கூட இல்லையே? ஆக, இவன் ஒரு தடவைகூடச் சேவ் செய்யவில்லை, பயத்தில் பொய் சொல்கிறான். எனக்கு அது அப்பழுக்கில்லாத தர்க்கமாகத் தெரிந்தது. அவனால் பதில் சொல்ல முடியவில்லை. "பண்ணேன் சார்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த நாலு பையன்கள் முன்னால் நான் சொன்னது இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது: "பொய் சொல்ற பிள்ளைக்கு லேப் சாவி கிடையாது."

அவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். பிளஸ் டூ முடிக்கும்வரை ஆய்வகப் பக்கம் வரவே இல்லை. என் வகுப்புக்கு வருவான். கேட்டால் பதில் சொல்வான். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் மனைவி வாசிக்க, நான் ஒரு நீள நோட்டில் 860 எண்களையும் மறுபடி கையால் எழுதினேன். ஏற்கெனவே பதிவேடு இருக்கும்போது அதையே மறுபடி எதற்கு எழுதினேன் என்று கேட்டால் பதில் இல்லை. அன்று கம்ப்யூட்டர் மேல் இருந்த கோபம் அப்படி. ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து அடித்து முடித்தேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. இந்தச் சம்பவத்தை ஒரு கதையாக்கினேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளிடம், பெயர் சொல்லாமல், "ஒரு பையன் இருந்தான், சேவ் பண்ணாமலே பண்ணேன்னு சாதிச்சான்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

இந்தப் பொங்கலுக்கு என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பெங்களூரில் தரவுகளைச் சேமித்து வைக்கும் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை. திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அவன் தொழிலுக்குப் பொருத்தமாக இருக்குமே என்று இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான்.

"சார், அந்தப் பையன் பொய் சொல்லியிருக்க மாட்டான் சார்."

பிறகு ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. வாத்தியார் அவன், மாணவன் நான். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். தப்பிருந்தால் இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் கீழே திருத்துங்கள்.

நாம் சேவ் என்று அழுத்தினால் உடனே டிஸ்கில் எழுதப்பட்டுவிடுகிறது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. டிஸ்க் என்பது சுற்றுகிற தட்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றாலும் ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி வினாடிக்கு மேல் ஆகும். எழுதும் முனை இங்கிருந்து அங்கே நகர வேண்டும். ரேம் நினைவகமோ ஏறத்தாழ லட்சம் மடங்கு வேகம். ஒவ்வொரு எழுத்துக்கும் டிஸ்க் சுற்றி வரட்டும் என்று காத்திருந்தால் மெஷின் மாட்டு வண்டி மாதிரி ஆகிவிடும். அதனால் இயங்குதளம், அதாவது லினக்ஸோ விண்டோஸோ, நாம் கொடுத்ததை வாங்கி ரேமில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு "முடிந்தது" என்று சொல்லிவிடுகிறது. இந்த மூலைக்குத்தான் கேஷ் என்று பெயர். (காசு கேஷ் இல்லை. நானும் முதலில் அப்படித்தான் குழம்பினேன்.) லினக்ஸில் பொதுவாக ஐந்து வினாடிக்கு ஒரு தடவை விழித்துப் பார்த்து, முப்பது வினாடி பழசானதையெல்லாம் டிஸ்குக்குத் தள்ளிவிடுமாம்.

அதோடு விஷயம் முடியவில்லை. டிஸ்குக்குள்ளேயும் ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. அன்றைய டிஸ்குகளில் 8, 16, 32 மெகாபைட் இப்படி. இயங்குதளம் கொடுத்ததை டிஸ்க் அதில் வாங்கிக்கொண்டு, தன் பங்குக்கு அதுவும் "முடிந்தது" என்கிறது. தட்டில் இன்னும் ஒரு எழுத்துகூட ஏறியிருக்காது. கரண்ட் போனால் இரண்டு இடத்திலும் இருப்பது காலி.

"தபால் ஆபீஸ் மாதிரி நினைச்சுக்கோங்க சார்" என்றான். முன்பு கவுன்ட்டரில் பதிவுத் தபாலைக் கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். நாங்கள் வாங்கிக்கொண்டோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு உறவுக்காரர் கையெழுத்துப் போட்டுத் திரும்பி வரும் ஒப்புகை அட்டைதான் அத்தாட்சி. சேவ் என்பது கவுன்ட்டர் ரசீது. ஒப்புகை அட்டை வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்கள் இயங்குதளத்திடம் அப்படிக் கேட்கும் கட்டளைக்கு எஃப்சிங்க் என்று பெயராம். அதைக் கேட்டால் இயங்குதளம் தன்னிடம் இருப்பதையெல்லாம் டிஸ்குக்குத் தள்ளி, டிஸ்கிடமும் "உன் கேஷைக் காலி செய்துவிட்டு வந்து சொல்" என்று ஒரு கட்டளை கொடுக்கும். அதற்கு ஃபிளஷ் என்று பெயர். இங்கே நான் சிரித்துவிட்டேன், அவனும் சிரித்தான். ஆப்பிள் மெஷினில் எஃப்சிங்க் என்று கேட்டாலும் டிஸ்கின் உள்கேஷ்வரை போகாதாம். அதற்கு வேறு ஒரு கட்டளை வேண்டுமாம். ஒரே வார்த்தைக்கு ஊருக்கு ஒரு அர்த்தம்!

"சரிப்பா, கடைசி நிமிஷம் அடிச்சது போச்சு, ஒத்துக்கறேன். காலையில பண்ணது எப்படிப் போகும்?" என்று கேட்டேன். 2013இல் நான் அந்தப் பையனை மடக்கிய அதே கேள்வி.

"அங்கதான் சார் வரிசை வருது."

பல மென்பொருள்கள் சேவ் செய்யும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. பாதியில் ஏதாவது ஆனால் பழையதும் கெட்டுவிடும் என்ற முன்ஜாக்கிரதை. முதலில் வேறு பெயரில் முழுசாக ஒரு புது ஃபைல் எழுதும். பிறகு அந்தப் புது ஃபைலுக்குப் பழைய பெயரைச் சூட்டும். பெயர் மாறியதும் பழைய ஃபைல் ஆளில்லாமல் போய்விடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் இரண்டு எழுத்து வேலை இருக்கிறது: ஒன்று உள்ளடக்கம், இன்னொன்று பெயர். மென்பொருள் இவற்றை வரிசையாகத்தான் கொடுக்கிறது. கேஷில் போன பிறகு வரிசை கிடையாது. எது வசதியோ அது முதலில் போகும்.

நம் ஊர்த் தபால்காரர் நீங்கள் கடிதம் போட்ட வரிசையிலா கொடுப்பார்? தெரு வரிசையில் கொடுப்பார். சன்னதித் தெருவை முடித்துவிட்டுத்தான் அடுத்த தெரு. டிஸ்கும் அப்படித்தான், முனை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்த வழியில் இருப்பதை எழுதிக்கொண்டு போகும். அதைக் குறை சொல்ல முடியாது, அதனால்தான் வேகம். ஆனால் "நிலத்தை விற்கலாம், சம்மதம்" என்ற கடிதத்தை நேற்றும், "வேண்டாம், நிறுத்து" என்ற கடிதத்தை இன்றும் போட்டு, இரண்டும் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தால் குடும்பம் என்ன ஆகும்?

அந்தக் காலத்து லினக்ஸில் இஎக்ஸ்டி4 என்று ஒரு புது முறை வந்திருந்தது. ஃபைல்களை டிஸ்கில் அடுக்கி வைக்கும் முறை. அதற்கு முன்னால் இருந்த இஎக்ஸ்டி3 பொதுவாக உள்ளடக்கத்தை முதலில் எழுதிவிட்டு, ஐந்து வினாடிக்குள் பெயரையும் பதிந்துவிடும். புது முறையோ வேகத்துக்காக உள்ளடக்கத்துக்கு இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. அரை நிமிடம், சில சமயம் அதற்கு மேலும். பெயர் மட்டும் வழக்கம்போல ஐந்து வினாடியில் பதிவாகிவிடும். நடுவில் கரண்ட் போனால்? புது ஃபைலுக்குப் பெயர் சூட்டியாயிற்று, உள்ளே ஒன்றுமில்லை. பழைய ஃபைலுக்குப் பெயர் போயாயிற்று. அதில் இருந்ததைக் கேட்பாரில்லை. வீடு கட்டும் முன்பே வாசலில் பெயர்ப் பலகை மாட்டி, பழைய வீட்டையும் இடித்துவிட்ட கதை. ஒன்பது தடவை சேவ் செய்த மதிப்பெண்கள் அந்தப் பழைய வீட்டில்தான் இருந்தன.

பெயர் இருக்கிறது, அளவு பூஜ்யம். நான் அன்று கண்ணால் பார்த்தது.

2009 மார்ச்சில் இதே மாதிரி உலகம் முழுக்கப் பலருக்கு நடந்து பெரிய சர்ச்சையானதாம். அந்த முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் தியோடர் ட்ஸோ. "நிலையாக எழுதப்பட வேண்டுமானால் மென்பொருள் எஃப்சிங்க் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது மென்பொருளின் தவறு" என்பது அவர் வாதம். சட்டப்படி சரி. ஆனாலும் அவரே ஒரு திருத்தம் செய்தார்: பழைய பெயரைப் புது ஃபைலுக்குச் சூட்டும் இடத்தில் உள்ளடக்கத்தை உடனே தள்ளிவிடும்படி. அது அந்த வருடம் ஜூனில் வெளிவந்த லினக்ஸ் 2.6.30இல் சேர்ந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் 2009இல் போட்டதைப் புதுப்பிக்க ஆள் இல்லை. ஃபைல் முறை எழுதியவர்கள் ஒரு பக்கம், மென்பொருள் எழுதியவர்கள் ஒரு பக்கம், இரண்டு பெரியவர்களும் "தப்பு உன் மேல்தான்" என்று விரல் நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் திட்டு வாங்கியது பதினாறு வயதுப் பையன். திட்டியது நான்.

"அந்த மெஷின் இப்ப இல்ல, அதனால சத்தியம் பண்ண மாட்டேன் சார். ஆனா நீங்க சொன்ன அடையாளம் அத்தனையும் பொருந்துது" என்றான் பெங்களூர்க்காரன்.

இன்னொரு விஷயமும் சொன்னான். எனக்கு அது உடனே பிடிபட்டது, காரணம் நம் பள்ளி அலுவலகத்தில் பார்த்தது. டி.சி. கொடுக்கும்போது எழுத்தர் என்ன செய்வார்? முதலில் பதிவேட்டில் நீக்கம் எழுதுவார். பிறகுதான் டி.சி.யில் தலைமையாசிரியர் கையெழுத்து. மாற்றிச் செய்தால் பையன் டி.சி.யோடு வேறு ஊருக்குப் போயிருப்பான், பதிவேட்டில் இங்கேயே படித்துக்கொண்டிருப்பான். இந்த ஃபைல் முறைகளும் அப்படி ஒரு பதிவேடு வைத்திருக்கின்றன. இன்ன இன்ன மாற்றம் செய்யப் போகிறேன் என்று முதலில் அதில் எழுதி, கடைசியில் "மேற்கண்டது முழுமை" என்று ஒரு முத்திரை வைத்து, அப்புறம்தான் உரிய இடத்தில் மாற்றும். நடுவில் கரண்ட் போனால், திரும்பி வந்ததும் பதிவேட்டைப் பார்த்து, முத்திரை இருந்தால் அந்த வேலையை முடித்துவைக்கும்; முத்திரை இல்லையென்றால் விட்டுவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் டிஸ்க் தன் வசதிக்கு அந்த முத்திரையை முதலில் எழுதி, மேற்கண்டதை எழுதும் முன் கரண்ட் போனால்? வெற்றுப் பக்கத்தில் முத்திரை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலத்தான்.

இதைத் தடுக்க லினக்ஸில் நடுவில் ஒரு தடுப்பு போட்டார்கள். பேரியர் என்பார்களாம். இதற்கு முன் வந்ததெல்லாம் முதலில், பின் வந்ததெல்லாம் பிறகு. ஆனால் வேகம் குறைகிறது என்று இஎக்ஸ்டி3இல் அதை வழக்கமாக அணைத்தே வைத்திருந்தார்கள். 2008இல் கிறிஸ் மேசன் என்ற லினக்ஸ் நிரலாளர் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்திச் சோதித்துக் காட்டினார், ஃபைல் முறையே சிதைந்தது. இஎக்ஸ்டி4இல் தடுப்பு வழக்கமாகவே இயங்கும்படி வைத்தார்கள். அப்புறம் 2010 வாக்கில் அந்தத் தடுப்பையே எடுத்துவிட்டார்கள். எனக்கு ஆச்சரியம். ஏன் எடுத்தார்கள்? கீழே இருப்பவர்கள் வரிசையைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பி எல்லாப் போக்குவரத்தையும் நிறுத்தி வைப்பது வீண் என்று கண்டார்களாம். 2011 ஜனவரியில் வந்த 2.6.37இலிருந்து ஏற்பாடு வேறு: வரிசை யாருக்கு வேண்டுமோ அவரே முதல் வேலையைக் கொடுத்து, முடிந்தது என்ற பதில் வரும்வரை காத்திருந்து, கேஷைக் காலி செய்யச் சொல்லி, அதற்கும் பதில் வந்த பிறகு முத்திரையைக் கொடுக்க வேண்டும். அந்த முத்திரையை மட்டும் உள்கேஷில் நிறுத்தாமல் நேரே தட்டில் எழுது என்று கேட்கவும் ஒரு குறிப்பு உண்டு. முதல் கடிதத்துக்கு ஒப்புகை அட்டை வந்த பிறகுதான் இரண்டாவது கடிதத்தையே தபால் பெட்டியில் போடுவது.

மறுநாள் காலையில் அவன் மகளுக்குக் காட்ட வேண்டும் என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. உத்திரமேரூரில் படித்த எந்தப் பிள்ளையையும் நான் அங்கே அழைத்துப் போகாமல் விட்டதில்லையே. வைகுண்டப் பெருமாள் கோயில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919ஆம் ஆண்டும் 921ஆம் ஆண்டும்.

அந்தச் சுவருக்கு முன் எத்தனை வருடம் நின்று பாடம் நடத்தியிருக்கிறேன்! முப்பது குடும்பு. தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, கட்டுக்கு ஒரு வாயோலை வைத்துக் குடத்தில் இட வேண்டும். சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடிய சபை. ஊரில் இருக்கும் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். உள்ளே என்ன என்று தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஓலையை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக விரலை விரிக்கச் சொன்னார்கள் என்று நான் நடித்துக் காட்டுவேன். நீங்கள் எல்லாம் கையை விரித்து விளையாடுவீர்கள்.

அந்த விரிந்த கையோடு நின்றுவிட்டேன் இத்தனை வருடமும். அடுத்து வருவதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். மத்தியஸ்தன் வாசிக்கிறான். அதோடு பெயரை எழுதிவிடவில்லை. அந்த ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் வாசிக்க வேண்டும். எல்லாரும் வாசித்த பிறகுதான் அந்தப் பெயரைத் தீட்ட வேண்டும். ஒருவன் வாசித்தது கவுன்ட்டர் ரசீது, எல்லாரும் வாசித்தது ஒப்புகை, தீட்டுவது முத்திரை. வரிசை மாறக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெங்களூர்க்காரன் சுவரைப் பார்த்துக்கொண்டே, "காத்திருந்து எழுதுன்னு போட்டிருக்கான் சார்" என்றான். நான் பேசவில்லை. அன்று ஆய்வகத்தில் நான் ஒருவன் மட்டும் வாசித்து, உடனே தீட்டியும் விட்டேனே என்று ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. 919இல் வாரியத்துக்கு வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று வைத்தார்கள். இரண்டே வருடத்தில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றினார்கள். பழையதைச் செதுக்கி எடுத்துவிட்டு அதன்மேல் புதியதை வெட்டவில்லை. புதிய தீர்மானத்தைத் தனியாக வெட்டினார்கள். இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. எங்கள் மதிப்பெண் ஃபைலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சோழர்களிடமும் கேஷ் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வரலாற்று வாத்தியார் அல்லவா. ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுப்பதாக வாயால் சொன்னான். அதை ஓலையில் எழுதினார்கள், அதிகாரிகள் ஒப்பிட்டார்கள், வரிக் கணக்கில் ஏற்றினார்கள். செப்பேட்டில் நிலையாக வெட்டும் முன் ராஜராஜன் காலமாகிவிட்டான். மகன் ராஜேந்திரன்தான் அப்பா சொன்னதைச் செம்பில் வெட்டுவித்தான். அதுதான் லெய்டன் செப்பேடு என்று நீங்கள் படித்தது. ராஜா போனாலும் ஓலையும் கணக்கும் வரிசையாக இருந்ததால் மகன் எடுத்து முடிக்க முடிந்தது. கரண்ட் போய் வந்த பிறகு பதிவேட்டைப் பார்த்து வேலையை முடிப்பது என்று அவன் சொன்னானே, அதேதான்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். "அன்னிக்கே நான் சொன்னேன், அந்தப் புள்ள அப்படிப்பட்டவன் இல்லன்னு" என்றாள். சொன்னாள்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில், எண்களுக்கு நடுவில் சொன்னாள். அடுத்த எண்ணைப் படி என்றேன் நான்.

அவன் நம்பரைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. அவனுடன் படித்தவர்களைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். மதுராந்தகம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், கூடவே ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் வேலை. கல்யாணமாகி ஒரு பையன். பெயர் எழுதவில்லை, அவன் அனுமதி கேட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். போனை எடுத்ததும் குரலை வைத்தே "சார்" என்றான். நலம் விசாரித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஏரி, மழை, பஸ் என்று சுற்றி வந்தேன். கடைசியில் கேட்டேன்.

"தம்பி, 2013இல் அரையாண்டு மார்க் அடிச்சோமே, ஞாபகம் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நான் சேவ் பண்ணேன் சார்."

பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முப்பதை நெருங்கும் ஆள். அதே நாலு வார்த்தை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "நீ பண்ணினதுதான்ப்பா. இப்பதான் எனக்குத் தெரிஞ்சது. நான் சொன்னது தப்பு, அந்த நாலு பேர் முன்னாடி சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிடு" என்றேன். அவன் "ஐயோ, அதெல்லாம் என்ன சார்" என்றான். பிறகு ஏன் அப்படி ஆனது என்று கேட்டான். பெயர், உள்ளடக்கம், வரிசை, எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். நான் முடித்ததும், "அப்ப ஒரு நிமிஷம் கழிச்சு கரண்ட் போயிருந்தா எல்லாமே இருந்திருக்கும் இல்ல சார்?" என்றான். ஆமாம் என்றேன்.

அன்று வாசித்துக் கொடுத்த அந்த நாலு பேரும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். என் கதையைக் கேட்டுச் சிரித்த மற்ற பிள்ளைகளும் இதை அந்தக் கதையின் மேல் எழுதிக்கொள்ளுங்கள்.

போனை வைக்கும் முன் கடையில் யாரோ வந்துவிட்டார்கள். "இருங்க சார்" என்றான். எனக்குச் சொல்கிறான் என்று நினைத்துக் காத்திருந்தேன். எனக்கில்லை. "இருங்க, இருங்க, பென்டிரைவை அப்படியே உருவாதீங்க, எஜெக்ட் குடுத்துட்டு அது எடுக்கலாம்னு சொன்னப்புறம் எடுங்க" என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் யாரோ, "அதான் காப்பி ஆயிடுச்சுன்னு காட்டுதே தம்பி" என்றார்.

"காட்டும்ணே," என்றான்.